‘சாதாரண வாசகருக்குத் தேவையில்லை’யாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சட்டப் பகுதியில், மசோதாக்கள் மீது ஆளுநருக்கு உள்ள அதிகாரம் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்தை மூத்த வழக்கறிஞர் ஒருவர் அலசியிருந்தார். பாதிக் கட்டுரை அரசியல். அதை விடுங்கள், அவரவர் சார்பு அவரவருக்கு. என்னை உறுத்தியது ஒரே ஒரு வரி: “இதிலுள்ள சட்ட நுணுக்கங்கள் சாதாரண வாசகருக்குத் தேவையில்லை, சுருக்கமாகச் சொன்னால், ஆளுநர் தரப்பு வென்றது.”

ரொம்ப நன்றி. எங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானித்துக் கொடுக்கவும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

முன்சீப் கோர்ட்டிலும் சப்-கோர்ட்டிலும் வக்கீல் குமாஸ்தாவாகத் தலை நரைக்கும்வரை கட்டு சுமந்தவன் நான். சட்டம் படித்தவனில்லை. ஆனால் தீர்ப்பு நாளன்று வராந்தாவில் நிற்கும் கட்சிக்காரர் முதலில் கேட்பது “ஜெயிச்சோமா தோத்தோமா” என்பதாக இருந்தாலும், அடுத்த கேள்வி “அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?” என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல நுணுக்கம் வேண்டும். அந்த நுணுக்கத்தைத்தான் தங்கள் கட்டுரையாளர் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

நடந்ததைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தித் தீர்ப்பளித்தது; ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வகுத்தது. அப்புறம் குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்க வழிசெய்யும் 143-ஆவது பிரிவின்கீழ் 14 கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வதும் செல்லாது என்றார்கள். சரி, இதுவரைக்கும் கட்டுரையாளர் சொன்னது போலத்தான். ஆனால் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் மசோதாவைச் சும்மா நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை என்றும் அதே ஐந்து பேர்தான் சொன்னார்கள். காரணமே சொல்லாமல் நாள் கணக்கில்லாமல் கிடப்பில் போட்டால், ஏதாவது ஒரு முடிவை எடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொன்னார்கள். இந்தப் பகுதியில் வென்றது யார்? கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்னொரு பத்திரிகையில் இன்னொரு வழக்கறிஞர் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாநிலத்துக்கே மாபெரும் வெற்றி என்று எழுதியிருந்தார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் உச்ச நீதிமன்றம் இரண்டு இருக்கிறதோ என்று தோன்றும்.

எங்கள் டீக்கடையில் எல்லோரும் கேட்டது வேறு. அந்தப் பத்து மசோதாவும் சட்டமாகி அரசிதழில் வந்துவிட்டதே, அதெல்லாம் போய்விட்டதா? குடியரசுத் தலைவர் கேட்டுச் சொல்லப்படுவது ஆலோசனை, மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல. இரு தரப்புக்கிடையே ஏற்கெனவே முடிந்த வழக்கின் மீது இந்த வழியில் அப்பீல் கேட்க முடியாது என்று 1991-லேயே, காவிரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெல்டாக்காரர்களான எங்களுக்கு அந்த வருஷம் எப்படி மறக்கும்? இதை எழுத எத்தனை வரி பிடிக்கும்? சாதாரண வாசகர் கேட்ட கேள்வி இதுதான். ‘நுணுக்கம்’ என்று தள்ளப்பட்டதும் இதுதான்.

இந்த ஒரு கட்டுரைக்காக மட்டும் நான் பேனா எடுக்கவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பு வந்தது நினைவிருக்கும். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே சம உரிமை, 2005-இல் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்றது. நல்ல தீர்ப்பு, நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் அந்த வாரம் டிவியிலும் பத்திரிகையிலும் பேசிய சட்ட நிபுணர்களில் எத்தனை பேர், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இந்தச் சட்டம் தொடாது என்பதைச் சேர்த்துச் சொன்னார்கள்? நான் கேட்ட வரைக்கும் ஒருவரும் இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு என்பதையும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கொரோனா ஊரடங்கு முடிந்து கோர்ட் வேலை மறுபடி தொடங்கியதும் எங்கள் ஆபீஸுக்கு ஓர் அம்மா வந்தார். கையில் பேப்பர் கத்தரிப்பு. எந்தப் பேப்பர் என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவும் மகன்களும் 1998-இல் பதிவு செய்து பிரித்துக்கொண்ட நஞ்சை. அப்பா காலமான பிறகு அவருடைய பாகத்தில் இந்த அம்மாவுக்கு வர வேண்டியது வந்தும் ஆயிற்று. இப்போது அண்ணன்மார் பாகத்திலும் பங்கு வேண்டும் என்றார். எங்கள் வக்கீல் சார் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “இதில் தாவா நிற்காதும்மா” என்றார். “பேப்பர்லயே போட்டிருக்கே சார், நீங்க மட்டும் ஏன் இல்லைங்கறீங்க?” என்று அவர் மேலேயே சந்தேகப்பட்டு வேறிடம் போனார் அந்த அம்மா. அங்கே பிராது எழுதிக் கொடுக்க ஆள் இருந்தது. வாய்தா மேல் வாய்தா. கடைசியில் வழக்கு தள்ளுபடி. கோர்ட் ஃபீஸும் வக்கீல் ஃபீஸும் போனது ஒரு பக்கம். அவர் பேத்தியின் காதணி விழாவுக்கு அண்ணன்மார் வழியில் ஒருவரும் படியேறவில்லை. டிவியில் பேசியவருக்கு இது தெரியாது. அவர் அதற்குள் அடுத்த விவாதத்துக்குப் போயிருப்பார்.

அப்புறம் தலைப்புகள். ‘ஐகோர்ட் குட்டு’, ‘சுப்ரீம் கோர்ட் சவுக்கடி’, ‘நீதிபதி சரமாரிக் கேள்வி’. விசாரணையின்போது நீதிபதி ஆயிரம் கேட்பார். வக்கீலைச் சோதித்துப் பார்க்கவும் கேட்பார், எரிச்சலிலும் கேட்பார். கையெழுத்துப் போட்டு வருவதுதான் உத்தரவு. 2021 ஏப்ரலில், கொரோனா நேரத்தில் பிரச்சாரக் கூட்டங்களைத் தடுக்கவில்லை என்று தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலைக் குற்றம் சாட்டலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாய்மொழியாக ஒரு பேச்சு வந்தது. எழுத்து வடிவில் வந்த உத்தரவில் அது கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேர், கேஸ் போடச் சொல்லி ஆர்டரே வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சொல் கடுமையானது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், வாய்மொழிக் கருத்து நீதிமன்ற ஆவணத்தில் சேராது, தீர்ப்பும் உத்தரவும்தான் நீதிமன்றத்தின் கருத்து என்று தெளிவாக்கியது. கூடவே, விசாரணையில் பேசப்படுவதைப் பத்திரிகைகள் வெளியிடுவதைத் தடுக்கவும் மறுத்தது. அது உங்களுக்காகக் கிடைத்த உரிமை, சந்தோஷம். கிடைத்த உரிமையைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்தக் கூடாதா?

இன்னொரு வேடிக்கை. ஒரு வழக்கு தங்களுக்குச் சங்கடம் என்றால் இதே நிபுணர்கள், “விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் கருத்துச் சொல்வதற்கில்லை” என்பார்கள். சாதகம் என்றால், அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கும்போதே அரை மணி நேரம் பேசுவார்கள். பெயருக்குக் கீழே ‘சட்ட வல்லுநர்’ என்று பட்டை ஓடும். அந்த வல்லுநர் எந்தக் கட்சிக்கு வக்காலத்து போட்டிருக்கிறார் என்பது மட்டும் ஓடாது. தங்கள் ஞாயிறு கட்டுரையாளர் யாருக்காக ஆஜராகிறவர் என்பது எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும். வாசகருக்குச் சொல்லவில்லை.

தீர்ப்பை நாங்களே படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். படிக்கலாம், தமிழில் வந்தால். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் இந்திக்குக் கொடுத்த அனுமதி நமக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கம் சில இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் வழக்கு சூடாக இருக்கும் வாரத்தில் கையில் கிடைப்பது இங்கிலீஷ்தான். நூறு பக்கம் இங்கிலீஷைப் படித்துச் சொல்லத்தானே இவர்களை நம்புகிறோம்? படிக்கத் தெரிந்தவர், படிக்கத் தெரியாதவனைப் பார்த்து உனக்கு இது தேவையில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சட்டக் கட்டுரைகளின் அடியில் இரண்டு வரி போடுங்கள். எழுதியவர் அந்த வழக்கிலோ, அதில் சம்பந்தப்பட்ட கட்சிக்கோ அரசுக்கோ ஆஜராகிறவரா என்று ஒரு வரி. கட்டுரையில் உள்ளது இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா, ஆலோசனைக் கருத்தா, விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னதா என்று இன்னொரு வரி. வழக்கு எண்ணையும் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் தேடிப் பார்த்துக்கொள்வோம்.

இடம் போதாது என்றால், கட்டுரையாளர் கறுப்புக் கோட்டோடு நிற்கும் படத்தைச் சற்றே சிறிதாக்கினால் போதும். இரண்டு வரி தாராளமாக வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மன்னார்குடி.