முக்திநாத் யாத்திரை: பட்டியலில் விடுபட்டது

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வந்த, நேபாளத்து முக்திநாத் யாத்திரைக் கட்டுரையில் கம்பளி, மலைநோய் மாத்திரை, வாக்காளர் அட்டை என்று எல்லாம் இருந்தது. நிலநடுக்கம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அறுபது, எழுபது வயதுக்காரர்களைக் கூட்டமாக அழைத்துப்போகும் பயணம் இது.

"2015-லேயே பெரிசா வந்துடுச்சு, இனி நம்ம காலத்துல வராது" என்று டிராவல்ஸ்காரர்கள் சொல்வதுண்டு. அன்று, ஏப்ரல் 25-இல், 7.8 அளவில் கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கிய நிலத்தடிப் பாறை உடைப்பு கிழக்கே காத்மாண்டு பக்கம்தான் ஓடியது, மேற்கே போகவில்லை. போக்ரா, பெனி, ஜோம்சோம் என்று நம் யாத்ரிகர்கள் போகும் வழியெல்லாம் அந்த உடையாத மேற்கில் இருக்கிறது. மேற்கு நேபாளத்தில் கடைசியாக மாபெரும் நிலநடுக்கம் வந்தது 1505-இல்; அதன்பின் பாறையில் சேர்ந்த அழுத்தம் இன்னும் முழுதாக விடுபடவில்லை. 2023 நவம்பரில் அதே மேற்கில் ஜாஜர்கோட்டில் வந்தது அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், நேரமோ நள்ளிரவை நெருங்கும் நேரம்.

காத்மாண்டு பள்ளத்தாக்கு பழைய ஏரிப்படுகை. களிமண் படிவு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம். 2015-இல் அந்த மண் மெதுவான, நீண்ட ஆட்டத்தைப் பெருக்கியது; அந்த வகை ஆட்டம் உயரமானவற்றைத்தான் அதிகம் அசைக்கும் என்பதால் உயரமான தரஹரா கோபுரம் விழுந்தது, தாழ்வான செங்கல் வீடுகள் பல எதிர்பார்த்ததைவிடத் தாக்குப்பிடித்தன. அடுத்தது வேகமான ஆட்டமாக வந்தால் நிலைமை தலைகீழாகலாம். பக்தபூரில் 1702-இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கியது உண்மை. அதே சதுக்கத்துப் பக்கம் வத்சலா கோயில் இடிந்து விழுந்ததும் உண்மை. எனவே குலுங்கும்போது எந்தக் கோயில் நிழலிலும் ஒதுங்க வேண்டாம்.

விடுதி பிடிக்கும்போது வெந்நீர் வருமா என்று கேட்பதோடு கட்டடத்தையும் ஒருமுறை வெளியே நின்று பார்க்க வேண்டும். கீழே முழுக்க ஷட்டர் போட்ட கடைகள், மேலே ஐந்தாறு மாடி, ஒவ்வொன்றும் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. மேல் மாடிகளைச் செங்கல் சுவர்கள் விறைப்பாக வைத்திருக்கும். கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டுமே. ஆட்டம் முழுவதும் அங்கே குவிந்து தூண்கள் ஒடியும். மேல்மாடிகள் அப்படியே கீழே உட்கார்ந்துவிடும். காத்மாண்டு பேருந்து நிலையத்தை ஒட்டிய கோங்கபுவில் பல விடுதிகள் 2015-இல் விழுந்தன.

குலுங்கும்போது படிக்கட்டுக்கு ஓடக் கூடாது. உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மண்டியிட முடியாத பெரியவர்கள் கட்டிலிலேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளட்டும். மண்சுவர் வீட்டில் மட்டும் விதிவிலக்கு: தரைத்தளத்தில், வாசலை ஒட்டி இருந்து, வெளியே திறந்தவெளியும் இருந்தால் உடனே வெளியேறலாம். குறுகிய சந்துக்குள் ஓடினால் மாடிக் கைப்பிடிச்சுவரும் கூரை ஓடுகளும் தலையில் விழும். குழுவோடு வரும் சமையல்காரர் ஆட்டம் நின்றதும் முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருந்த இடத்தில் நிலநடுக்கத்துக்குப் பின் தீ பிடிப்பது சகஜம்.

வெளியே வந்தபின் பாஸ்போர்ட்டை எடுக்கவென்று உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. மே 12-இல் மறுபடி 7.3 வந்தபோது, ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த கட்டடங்கள் விழுந்தன. அதனால் அடையாள அட்டை, மருந்து, டார்ச், செருப்பு நான்கையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டிவைத்துத் தூங்கலாம். உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடந்தால் மற்றது எதுவும் பயன்படாது.

பெனியிலிருந்து ஜோம்சோம் போகும் பாதைதான் எனக்கு அதிகக் கவலை. வண்டியில் இருக்கும்போது குலுங்கினால், செங்குத்துச் சரிவின் கீழ் நிற்காமல், சரிவு விலகி இருக்கும் இடம் வரை மெதுவாகப் போய் நிறுத்தச் சொல்லுங்கள். நின்றபின் ஆற்றங்கரைக்கு இறங்கக் கூடாது. 2015 மே 24-இல், பெனிக்கு அருகே மலை சரிந்து காளி கண்டகி ஆற்றையே அடைத்தது. பல மணி நேரம் ஏரியாகத் தேங்கிப் பிறகு உடைத்துக்கொண்டு ஓடியது. முதல் நிலநடுக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாளக்கிராமம் தேடி ஆற்றில் இறங்கியிருப்பவர்கள், ஆறு திடீரென வற்றினால் அதிசயம் என்று நின்று பார்க்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

காத்மாண்டு பன்னாட்டு விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். ஊர் திரும்பச் சில நாள் ஆகலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிநீர், ஒரு வாரத்துக்குக் கூடுதல் மருந்து, கையில் ரொக்கம் வேண்டும். அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி போகும். ஊரில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நேபாளத்தில் காவல் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாக் காவல் 1144.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்