கிரகணச் செய்தி வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணையச் செய்தித் தளங்களிலும் அறிவியல் செய்திகளைத் தேர்ந்து வெளியிடும் பொறுப்பில் உள்ள உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமையன்று ஒரு வளைய சூரிய கிரகணம், அதாவது நிலவு சூரியனின் நடுப்பகுதியை மறைக்க, ஓரம் மட்டும் ஒளி வளையமாகத் தெரியும் கிரகணம், நிகழவிருக்கிறது. அது எங்கே தெரியும், அந்த ஊரில் அப்போது மணி என்ன, தெரியப்போவது வளையமா பகுதி மறைப்பா ஆகிய மூன்றையும் தலைப்பிலோ முதல் பத்தியிலோ சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்தக் கிரகணத்தின் வளையப் பாதை பசிபிக் கடலில் தொடங்கி, சிலி, அர்ஜென்டினா நாடுகளின் தென்பகுதியைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே சென்று, ஐவரி கோஸ்ட், கானா, டோகோ, பெனின், நைஜீரியா ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், மாலைச் சூரியன் அடிவானத்தை நெருங்கும் வேளையில் முடிகிறது. கிரகணம் உச்சத்தைத் தொடும்போது உலகப் பொது நேரம் மாலை 4 மணி. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது இரவு 9.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நள்ளிரவாகி, தேதியே பிப்ரவரி 7 ஆகிவிடும். சூரியனே வானில் இல்லாத ஊர்களில் இருப்பவர்களிடம் “நாளை சூரிய கிரகணம், காணத் தவறாதீர்கள்” என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. நேரலையில் மட்டுமே பார்க்க முடியும் என்பதைத் தயங்காமல் முதல் வரியிலேயே சொல்லுங்கள். தமிழ் வாசகர்கள் இன்று பல கண்டங்களில் வாழ்கிறார்கள் என்பதால், ஒரே ஒரு நேரத்தைக் குறிப்பிட்டு நிறுத்திவிடாமல், அது எந்த நாட்டின் நேரம் என்பதையும் சேர்த்துத் தருவது அவசியம்.

இதே கிரகணத்தைப் பற்றி “7 நிமிடம் 51 நொடி நீடிக்கும்” என்ற வரி பல செய்திகளில் வரக்கூடும். எண் சரியானதே. ஆனால் அது தென் பிரேசிலுக்குக் கிழக்கே கடலில் உள்ள ஓர் இடத்துக்குரிய உச்ச அளவு. பாதையின் நடுக்கோட்டிலிருந்து விலக விலக, வளையம் தெரியும் நேரம் குறைந்துகொண்டே போய், விளிம்பில் சில நொடிகளாகிவிடும். விளிம்பைத் தாண்டினால் வளையமே கிடையாது, பகுதி கிரகணம் மட்டும்தான். நிலவு பூமியிலிருந்து ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் முதல் 4,05,000 கிலோமீட்டர் வரை விலகியும் நெருங்கியும் சுற்றுகிறது. தொலைவில் இருக்கும்போது அதன் உருவம் சூரிய வட்டைவிடச் சற்றுச் சிறிதாகத் தெரிவதால், நடுவில் மறைத்தாலும் ஓரத்தில் ஒளி வளையம் எஞ்சுகிறது. நிலவின் கருநிழல் தரையைத் தொடுமுன்பே கூர்ந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் நீளும் நிழல் விழும் குறுகிய பட்டையில் நிற்பவர்களுக்கு மட்டுமே வளையம் கிடைக்கும். ஆகவே ஒரு நாட்டின் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஊர்ப் பெயர்கள் வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2031 மே 21, புதன்கிழமையன்று நிகழவிருக்கும் வளைய கிரகணம். ஆப்பிரிக்காவில் அங்கோலா, சாம்பியா, தான்சானியா வழியே வரும் அதன் பாதை, இந்திய நேரப்படி பகல் 12.45 அளவில் அரபிக்கடலில் உச்சம் பெற்று, கேரளத்தின் கோட்டயம், தமிழகத்தின் தேனி, மதுரை, இலங்கையின் வடபகுதி ஆகியவற்றைக் கடந்து, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா நோக்கிச் செல்கிறது. சென்னையிலும் கொழும்பிலும் சூரியனின் பெரும்பகுதி மறையுமே தவிர, வளையம் தெரியாது. சில மணி நேரப் பயணத்தில் பாதைக்குள் வந்துவிடக்கூடிய ஒருவர், “தென்னிந்தியா முழுவதும் தெரியும்” என்ற ஒற்றை வரியை நம்பி வீட்டு மாடியிலேயே நின்றுவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லை. ஓர் இடத்தில் வளைய கிரகணம் நிகழ்ந்தபின் மீண்டும் அங்கேயே நிகழ, சராசரியாக இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இலங்கையின் வடபகுதி 2010, 2019, 2031 என்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பாதைகளில் இடம்பெறுவது அரிதினும் அரிய பேறு என்றே சொல்வேன்.

கண் பாதுகாப்பு பற்றிய வரிகளில் உங்கள் கவனம் மிகவும் தேவை. முழு கிரகணத்தில் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வளைய கிரகணத்தில் அப்படி ஒரு கணம்கூடக் கிடையாது. முழு கிரகணத்துக்கு எழுதிய பழைய குறிப்பைத் தேதி மட்டும் மாற்றி இதற்கு எடுத்துப் போடுவது, வாசகரின் பார்வையோடு விளையாடுவதாகும். 2031 கிரகணத்தின் உச்சத்தில்கூடச் சூரிய வட்டின் பரப்பில் சுமார் 8 விழுக்காடு மறையாமல் இருக்கும். விழித்திரையைச் சுட அது தாராளமாகப் போதும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், பாதிப்பு நேரும்போது பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. எக்ஸ்ரே படச்சுருள், புகை படிந்த கண்ணாடி, குறுந்தகடு, சாதாரணக் குளிர்கண்ணாடி ஆகிய எதுவும் பாதுகாப்பானதல்ல என்பதையும், சூரியனை நேரடியாகப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடியே வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

கண்ணாடி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை நிழலான சுவரிலோ வெள்ளைத் தாளிலோ விழச்செய்தால், சின்னஞ்சிறு வளையம் துல்லியமாகத் தெரியும். மரத்தடியில் இலை இடுக்குகளின் வழியே தரையில் விழும் ஒளிப்பொட்டுகளும், வளையம் கூடும் அந்த நிமிடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படிந்த நூற்றுக்கணக்கான வளையங்களாக மாறும். குழந்தைகளுக்கு இதைக் காட்டச் சொல்லி எழுதுங்கள்.

தேதியைச் சரிபார்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்ட் 2 அன்று உலகமே ஆறு நிமிடம் இருளில் மூழ்கும் என்ற வதந்தி பரவியது நினைவிருக்கும். அன்று கிரகணமே இல்லை. எகிப்தில் 6 நிமிடத்துக்கு மேல் நீடிக்கவிருக்கும் முழு கிரகணம் 2027 ஆகஸ்ட் 2 அன்றுதான். அதுவும் குறுகிய பாதையில் மட்டுமே. நாசா வெளியிட்டுள்ள பட்டியலில் ஐயாயிரம் ஆண்டுகளுக்குரிய 11,898 சூரிய கிரகணங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. ஆண்டையும் பாதையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

கிரகணத்துக்கு முந்தைய நாள் மாலையில் வெளியாகும் செய்தியைப் படித்துவிட்டு யாராலும் தரமான கண்ணாடி வாங்கவோ பயணம் ஏற்பாடு செய்யவோ முடியாது. ஆகவே 2031 கிரகணத்தின் பாதையை, எல்லைக்கோடுகளும் ஊர்ப் பெயர்களும் படிக்கும் அளவில் தெரியும் தமிழ் வரைபடமாக, குறைந்தது ஓராண்டு முன்னதாகவே வெளியிடுமாறும், அதன் இரு எல்லைகளை ஒட்டிய ஊர்களுக்கு வளையம் நீடிக்கும் நேரத்தைத் தனியே கொடுக்குமாறும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வமுள்ள ஒரு வாசகர்