சமையல் வட்டம்: 2024 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பு உறவுகளே,

இவ்வாண்டு எட்டு ஒன்றுகூடல்கள் நடந்தன. தைப்பொங்கல் வழமைபோல் பாடசாலை மண்டபத்தில். ஒக்டோபரில் ராஜநண்டுக் கறி. மார்கழி ஒளிவிழாவுக்குப் பலகாரம் வழங்கினோம்.

பெப்ரவரி மொல்யே இரவைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. மொல்யே என்பது அவித்த தொர்ஸ்க் (கொட்) மீனையும் அதன் சினையையும் ஈரலையும் சேர்த்துப் பரிமாறும் நோர்வே உணவு. இரண்டு சட்டிகளில் மீன் உதிர்ந்து போனது. மீனைப் போட்ட பின்பும் நீரைக் கொதிக்க விட்டதே காரணம். லீட்டருக்கு அரை டெசிலீட்டர் உப்பிட்டு நீர் கொதித்ததும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். அதன்பிறகு 3 சென்ரிமீற்றர்த் துண்டுகளை இட்டு, மூடி, ஆறேழு நிமிடம் விட்டால் போதும். முள்ளிலிருந்து சதை தானாக விலகும். சினையைத் தாளில் சுற்றித் தனிச்சட்டியில், கொதிக்க விடாமல் அரை மணி நேரம் வைக்க வேண்டும். கொதித்தால் பை வெடிக்கும். குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களும் மீன் ஈரல் உண்ண வேண்டாம் என்பது நோர்வே அதிகாரிகளின் அறிவுரை. ஆகவே ஈரல் இனியும் தனிப் பாத்திரத்திலேயே பரிமாறப்படும்.

அடுத்து, மீன் உலர்த்தும் பரண். இதற்குச் செலவு கூடியது என்ற பேச்சு உள்ளதால் விளக்கம் கூறுவது என் கடமை. மதிப்பீடு 3000 குரோனர்; முடிந்தது 4650இல். மலிவான பச்சைப் பலகை வாங்கியிருக்கலாம். ஆனால் அது செம்பு கலந்த மருந்து ஏற்றியது, உணவைத் தொடக்கூடாது. ஆகவே மருந்தேற்றாத மரம், துருப்பிடிக்காத ஆணி, கடற்புறாக்களைத் தடுக்கும் வலை ஆகியவற்றை வாங்கினோம். இவை பல ஆண்டுகள் இருக்கும்.

நம்மில் பலர் கருவாட்டு நினைப்பில் மீனுக்கு உப்புப் பூசக் கேட்டார்கள். பொக்னாபிஸ்க் எனும் இந்த அரைக்காய்ச்சல் மீனுக்கு உப்பு வேண்டாம். ஈரக்காற்றில் உப்பு தண்ணீரை இழுத்து மீனை நனைத்தபடியே வைத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வெயிலும் உப்பும் செய்யும் வேலையை வட நோர்வேயில் உள்ள நம் பின்மார்க்கில் குளிர்காற்று செய்கிறது. வெப்பநிலை 0 பாகையை ஒட்டி நிற்கும் நாட்களே ஏற்றவை. கடும் உறைபனியில் தொங்கவிட்டால் சதைக்குள் பனிக்கட்டி உருவாகி மீன் பஞ்சுபோல் ஆகிவிடும். பிந்தினால் ஈ மொய்த்து முட்டையிடும். லொட்டே எனும் சிறு மீனைத் துரத்திக்கொண்டு தொர்ஸ்க் நம் கரைக்கு வரும் மார்ச் கடைசியும் ஏப்ரலுமே நமக்கு வாய்த்த காலம்.

பிடித்தவுடன் இரத்தம் வடித்த, இரண்டு மூன்று கிலோ மீனே நல்லது; வடிக்காததன் சதை சிவந்து கறுக்கும். தலையையும் குடலையும் நீக்கி, முள்ளந்தண்டை ஒட்டிய இரத்தத்தைச் சுரண்டி எடுத்து, ஒரே அளவான இரண்டை வாலோடு வால் கட்டித் தொங்கவிட வேண்டும். வயிறு ஒட்டாமல் குச்சி கொடுக்க வேண்டும். ஏப்ரல் 6இல் கட்டிய 24 மீன்களும் பன்னிரண்டாம் நாள் மேலே காய்ந்து, அமர்த்தினால் உள்ளே மெத்தென்று பதமாக இருந்தன. பழப்புளிக் குழம்பு கொதித்து முடிந்தபின் இட்டால் துண்டு உடையவே இல்லை. புது மீனில் வராத சுவை அது.

இரண்டாம் முறை கட்டிய 20 மீன்களில் 9 பழுதாயின. மே நடுப்பகுதியில் கட்டியது பிந்தித்தான் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏப்ரல் 20 சிரமதானத்துக்கு 16 பேர் சம்மதித்தார்கள். வந்தவர்கள் 4 பேர். நான்கு பேரால் மீன் வெட்டிக் கட்ட இயலாது என்பதால் வேலையைத் தள்ளிப்போட்டோம். கட்டிய பின்பும் முறைப்பட்டியலில் ஐந்து நாட்கள் எவரும் பரண் பக்கம் போகவில்லை. காற்றில் சோடிகள் ஒன்றோடொன்று ஒட்டின, குச்சிகள் விழுந்தன, ஒட்டிய இடம் பிசுபிசுத்துப் புளித்தது. ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கிப் பிரித்து விட்டிருந்தால் பெரும்பாலானவை தப்பியிருக்கும். பரணில் குறையில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாக வரவு செலவைத் தாங்கியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. ஆண்டுச் சந்தா 300 குரோனர். 31 உறுப்பினர்களில் 12 பேர் இன்னும் செலுத்தவில்லை. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். இந்த 3600 குரோனர் வந்திருந்தால் பரணின் மேலதிகச் செலவு பேசுபொருளாகவே இருந்திருக்காது. விப்ஸ் கைபேசிச் செயலியில் பணம் அனுப்ப அரை நிமிடம் போதும்.

மண்டபம் தந்த பாடசாலைக்கும், மீன் தந்து உதவிய படகுக்காரர்களுக்கும், பாத்திரம் கழுவிய இளையோருக்கும் வட்டத்தின் நன்றிகள்.

அடுத்த ஆண்டு மார்ச் கடைசி வாரத்தில் 40 மீன் கட்டலாம் என்பது என் எண்ணம். அதற்கு வெட்ட ஆறு பேர், கட்ட நான்கு பேர், நாளொன்றுக்கு ஒருவராகப் பதினான்கு நாள் பார்க்க ஆட்கள் தேவை. இன்று கூட்டம் முடியுமுன் அந்தப் பட்டியல் நிரம்பினால் படகுக்காரர்களிடம் நாளையே சொல்லிவைப்பேன். நிரம்பாவிட்டால் பரணின் திறப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதைச் சபையே தீர்மானிக்கட்டும்.

செயலாளர்