வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள்: வீட்டார் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல கசகசா. சவூதி, அமீரகம் ரெண்டு நாட்டிலும் தடை. தனியா யாரும் வைக்க மாட்டீங்க. ஆனா வீட்டில் அரைச்ச குருமாப் பொடியில் கலந்திருக்கும், மாட்டுறது அங்கேதான். பொடி கொடுத்தே ஆகணும்னா கசகசா இல்லாம புதுசா அரைங்க. கொப்பரையும் வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தீப்பிடிக்கும்னு நம்ம ஏர்போர்ட்டிலேயே எடுத்துடுவாங்க. ஊறுகாய் கைப்பையில் ஏறாது, பெரிய பெட்டியில் ரெண்டு கவர் சுத்தி வைங்க. டிரமடால், கோடீன் (ரெண்டும் போதைத் தன்மையுள்ள வலி மருந்துகள்) கலந்த மாத்திரையோ சிரப்போ டாக்டர் சீட்டு இருந்தாலும் முன் அனுமதி இல்லாம அமீரகத்துக்கு எடுத்துப் போகக் கூடாது.

நர்ஸ்களுக்கு ஈசிஎன்ஆர் (குடியேற்றச் சோதனை தேவையில்லாத வகை) பாஸ்போர்ட் இருந்தாலும் வளைகுடா வேலைக்கு இந்திய அரசோட இமிக்ரேட் (eMigrate) இணையதளம் வழியா குடியேற்ற அனுமதி வேணும். "டூரிஸ்ட் விசாவில் போய் வேலை விசாவா மாத்திக்கலாம்"னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணம் கட்டாதீங்க.

சம்பளம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதிச்ச பணத்துக்கு) தொடங்கணும், பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வா (வெளிநாட்டில் இருக்கிறவங்களோட இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாத்தணும். வங்கியில் பதிஞ்சிருக்கிற நம்பரோட சிம்மைப் பிள்ளை வீட்டில் விட்டுட்டுப் போக விடாதீங்க. ஓடிபி இங்கே வந்து கிடக்கும், அம்மா தூங்கிட்டிருப்பாங்க. ரோமிங் போட்டுக் கையோட கொண்டு போகட்டும், ரீசார்ஜை இங்கிருந்து பண்ணுங்க.

அமீரகத்தில் வாட்ஸப் மெசேஜ் போகும், கால் போகாது. பதறாதீங்க. அங்கே கால் பேச உதவுற போட்டிம் (Botim) ஆப்பை இப்பவே அப்பா போனில் ஏத்தி, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே ஒரு தடவை பேசிப் பாருங்க.

– குழு நிர்வாகிகள்