எங்கள் அம்மம்மாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

எங்கள் ஊரவர்களுக்கும் உறவுகளுக்கும், கடல் கடந்து இருந்தபடி கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி எங்கள் வீட்டு அடுப்பு அம்மம்மாவின் உழைப்பை மட்டும் நம்பி எரியத் தேவையில்லை. இதுவரை அது அணையாமல் இருந்ததில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். எழுதுவது நான். யார் யாரை விட்டுவிடக்கூடாது என்று பக்கத்தில் இருந்து சொல்பவர் அம்மம்மா.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அப்பா காணாமற்போனார். அம்மாவின் முதுகில் எறிகணைச் செல்துண்டு. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நான்கு. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்த காலமெல்லாம் வரிசையில் நின்று தண்ணீரும் உலருணவும் எடுத்து வந்தவர் அறுபது கடந்த அம்மம்மாதான். 2012 இல் புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பியபோது அத்திவாரமும் கிணறும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அம்மாவால் குனிந்து நிமிர முடியாது. குடும்பப் பாரம் முழுவதும் அம்மம்மாவின் தலையில் இறங்கியது.

பகலில் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போவார். அதற்கு முன், விடியற்புறத்தில் இடியப்பம். வறுத்து அரித்த மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிவார். மணிக்கட்டு வீங்கிய நாட்களில் சீலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிழிவார். நான் உரலை வாங்கப் போனால், "நீ போய்ப் படி மோனை, இது என்ரை வேலை" என்பார்.

சந்தியடிக் கடைக்கார அண்ணை, அந்த இடியப்பத்தை நீங்கள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. "எல்லாம் வித்திட்டுது அம்மா" என்று சொல்லி முழுக் காசையும் கொடுத்துவிடுவீர்கள். மிஞ்சியதெல்லாம் உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடானது என்பதை உங்கள் மகள் சொல்லித்தான் பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். 2022 இல் மா விலை தலைக்கு மேல் ஏறி, காசு கொடுத்தாலும் கிடைக்காமல் இருந்த நாட்களில், உங்களுக்கு வந்த கொஞ்ச மாவிலும் அம்மம்மாவுக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தீர்கள். கொப்பியில் இருந்த பழைய கடனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் தலை குனியாமல் கடை வாசலுக்கு வந்துபோனது உங்களால்தான்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அத்திவாரம் முடித்தால்தான் அடுத்த காசு வரும். ஆண்துணை இல்லாத வீட்டில் கல்லும் மண்ணும் சுமக்க யார் இருக்கிறார்கள்? கூலி வாங்காமல் அத்திவாரம் வெட்டிய ஊர்ப் பெடியளுக்கும், காசு வரும்வரை பொறுத்திருந்து கட்டித்தந்த மேசன் மாமாவுக்கும் நன்றி.

மகளிர் சங்க அக்காமாரே, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மழை பொய்த்துக் கூலிவேலை இல்லாமற்போன வருடம், அம்மம்மாவும் குழுக்கடனில் மாட்டினார். கடன் அறவிட வருபவர்கள் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள்; காசு கட்டும்வரை போகமாட்டார்கள். உங்கள் வீடுகளிலும் அதே கடன், அதே நெருக்கடி. அப்படியிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருடைய தவணையைக் கட்டினீர்கள். கட்டியதை வெளியில் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

அப்பாவுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல்கள் எல்லாம் சுகமாக முடியும் என்று பலர் அம்மம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். "செத்ததை ஆர் கண்டது?" என்று அவர் மறுத்துவிட்டார். அப்போதிருந்த எங்கள் கிராம அலுவலர் ஐயா அவரை வற்புறுத்தவில்லை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆள் காணப்படவில்லை என்று பதியும் சான்றிதழ் இருக்கிறது என்று வீடு தேடி வந்து சொல்லி, படிவத்தையும் நிரப்பித் தந்தீர்கள் ஐயா. அம்மாவும் அம்மம்மாவும் அன்று அழுதது ஆறுதலில்.

காசு வாங்காமல் எனக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லித்தந்த ரீச்சர், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்துக்கு நான் போனது நீங்கள் போட்ட வழியில்தான்.

கனடாவில் இருக்கும் குடும்பத்தினரே, உதவி வாங்குபவரை நிற்கவைத்துப் படம் பிடித்து முகநூலில் போடுவது எங்கள் பக்கம் வழமையாகிவிட்டது. காசு உறையை நீட்டியபடி நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அம்மம்மா யாரிடமும் கேட்கப் பயந்தார். நீங்கள் ஒரு படமும் கேட்கவில்லை. "அம்மாவுக்கு என்ன தேவை?" என்று மட்டும் கேட்டீர்கள். கோழிக்கூடு வேண்டும் என்றார். கூடும் குஞ்சுகளும் வந்தன. பிறகு மாதாமாதம் தம்பியின் படிப்புக்கும் அனுப்பினீர்கள். முட்டை விற்ற காசில்தான் எனக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் காசு.

தம்பி தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய செலவை இனி நான் பார்த்துக்கொள்வேன். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று அம்மம்மா சொல்லச் சொன்னார். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, பேரப்பிள்ளைகளோடு தனித்து நிற்கும் இன்னோர் அம்மா இருக்கிறார். அவருக்குத் தையல் தெரியும், மெசின் இல்லை. அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு விபரம் அனுப்புகிறேன். முடிந்தால் அவருக்குச் செய்யுங்கள். படம் வேண்டாம் என்பதை அவருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நன்றியுடன்,
அம்மம்மாவும், அம்மாவும், தம்பியும், நானும்