கிட்னி மாற்றியவர்களுக்கு இரும்பு மாத்திரை

ஆசிரியருக்கு,

சென்ற வார மருத்துவப் பக்கத்தில் இரத்தசோகை பற்றி வந்த கட்டுரை, ஹீமோகுளோபின் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. வளரும் பிள்ளைகளுக்கும் மாதவிலக்கில் அதிக இரத்தம் இழக்கும் பெண்களுக்கும் சரி. மாற்று சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. என் தம்பி அவர்களில் ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறையப் பல காரணங்கள் உண்டு. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மைக்கோஃபெனோலேட், அசதியோப்ரின் மாத்திரைகள் இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை மந்தமாக்கும். சைட்டோமெகலோ வைரஸைத் தடுக்கத் தரும் வால்கான்சைக்ளோவிரும் அப்படித்தான். சிவப்பணு உற்பத்தியைத் தடுக்கும் பார்வோ வைரஸ் தொற்றாகவும் இருக்கலாம். இதற்கெல்லாம் இரும்பை விழுங்கி என்ன ஆகப்போகிறது?

பலன் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. பெரும்பாலான பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்தும் உடலின் சேமிப்பிலிருந்தும் இரும்பு இரத்தத்துக்கு வராமல் தடுக்கிறது. கிருமியைப் பட்டினி போடும் ஏற்பாடு இது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்புகளில் ஒன்று. முன்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உடலில் தேங்கிய அலுமினியத்தையும் இரும்பையும் வெளியேற்ற டெஃபராக்சமின் கொடுத்தபோது சிலருக்கு மியூகார் பூஞ்சை வந்தது. அந்த மருந்து பிடித்துவைத்த இரும்பையே பூஞ்சை எடுத்துக்கொண்டது! 2021இல் கரும்பூஞ்சை என்று நாம் பயந்தோமே, அதே வகைதான்.

மாற்றுக்கு முன் டயாலிசிஸ் காலத்தில் ஏற்றிய இரும்பு ஊசிகளிலும் இரத்தப் பைகளிலும் வந்த இரும்பு ஏற்கெனவே உடலில் சேர்ந்திருக்கலாம். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். மிஞ்சியதை வெளியே தள்ள உடலுக்கு வழி கிடையாது.

அதற்காக இரும்பே ஆகாது என்று சொல்லவரவில்லை. இரும்பு குறைந்தாலும் எதிர்ப்புச் சக்தி தளரும். பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தாராளமாக இரும்பு ஊசி போட்டவர்களுக்குத் தொற்று கூடவில்லை. ஆனால் அது டயாலிசிஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வு. மாற்று சிறுநீரகக்காரர்களுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல். இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின் இரத்தத்தில் கூடுதலாக இருந்தால் இரும்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. காய்ச்சலிலும் உள்வீக்கத்திலும் அது தானாகவே ஏறும். அதோடு, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்தால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும். காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்ஷனோ இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து மருந்துக்கடையில் டானிக் வாங்குவது சரியில்லை. உடலில் தொற்று இருக்கும்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றக் கூடாது என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலே சொல்கிறது.

பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொண்டுவரும் உறவினர்களைச் சமாளித்துவிடலாம். பத்திரிகையில் படித்தேன் என்று மாத்திரை அட்டையோடு வருபவரிடம் பேச முடியவில்லை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, மாற்று சிறுநீரகம் பொருத்தியவர்கள் தங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை எடுக்க வேண்டாம் என்று பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாசகி,
வேலூர்