இந்த விடுமுறைக்கு வீட்டுப்பாடம் இல்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை விடுமுறை வீட்டுப்பாடம் எதுவும் கொடுப்பதில்லை என்று ஆசிரியர்களோடு கலந்து பேசி முடிவு செய்திருக்கிறோம். கையெழுத்துப் பயிற்சி, வாய்ப்பாடு என்று நோட்டு நிறையக் கொடுத்து அனுப்பினாலும், பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு வீட்டில் இருக்கும் அக்காமார்தான் உட்கார்ந்து எழுதித் தருகிறார்கள். எழுத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறோம். பள்ளி திறப்பதற்குள் உங்கள் பிள்ளை திருநெல்வேலியிலோ சுற்றுவட்டாரத்திலோ ஏதாவது ஒரு வேலையை, ஒரு கலையை, ஓர் இடத்தை அருகில் நின்று நிதானமாகப் பார்த்து வர வேண்டும். அங்கே இருப்பவரிடம் இரண்டு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். எதுவும் எழுதிக்கொண்டு வர வேண்டாம். ஜூன் மாதம் வகுப்பில் எழுந்து நின்று வாயால் சொன்னால் போதும்.

இப்படி ஒரு யோசனை வந்ததற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தபோது, "தினமும் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டித்தானே வருகிறீர்கள், யார் அந்த முதலியார்?" என்று கேட்டேன். "பழைய எம்.எல்.ஏ." என்றான் ஒருவன். மற்றவர்கள் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நன்றாகப் படிக்கும் வகுப்பு அது. முகலாயப் பேரரசர்களை வரிசையாகச் சொல்லுவார்கள். காலையும் மாலையும் சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் பாலத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர் சுலோச்சன முதலியார். அப்போது பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகுதான். பாலம் கட்டப் பணம் திரட்டுவது பெரும்பாடாக இருந்த நேரத்தில், ஏறக்குறைய 50,000 ரூபாய் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஐம்பதாயிரம்! பஸ்ஸில் போகும்போது இதெல்லாம் கண்ணில் படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைக் கொக்கிரகுளம் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் இறங்கி நின்று பாலத்தின் வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். 11 வர வேண்டும்.

கரையில் இறங்கியாயிற்று என்றால் ஆற்றைப் பற்றியும் பேச வேண்டும். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குத் தண்ணீர் தருவதால்தான் மற்ற ஆறுகள் மணலாகக் கிடக்கும் மே மாதத்திலும் இங்கே படித்துறையில் முங்கிக் குளிக்க முடிகிறது. குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போக இதுதான் சரியான காலம். வெள்ளக் காலத்தில் ஆற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும் கோயில் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்கு மேல் என்ன தெரிந்தது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வரும் திசையைப் பார்த்து நிற்கும் சுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படகின் முனைபோலக் கூராக இருக்கும். தண்ணீர் மோதி இரண்டாகப் பிரிந்து போகட்டும் என்று கட்டியது. இத்தனை வெள்ளத்துக்கும் கோயில் எப்படி நிற்கிறது என்று அங்கே நின்று யோசிக்கும் பிள்ளைக்கு, விசை பற்றிய பாடத்தை நடத்துவது எங்களுக்கு எளிது.

குளிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக மூன்று விதிகள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இறங்கியிருக்க வேண்டும். பழக்கமில்லாத துறையில் இறங்கக் கூடாது. மேலே மழை என்றால் கரையேறிவிட வேண்டும். ஆற்றின் அடியில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீர் என்று ஓரடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவரை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்குள் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். போலீஸார் ஏறச் சொன்னால் ஏறிவிடுங்கள். "இன்னும் ஐந்து நிமிஷம்" என்று பிள்ளைகள் முன்னிலையில் வாதாடாதீர்கள். கூடவே ஒன்று: ஷாம்பு உறைகளையும் பழைய துணிகளையும் ஆற்றில் விட்டுவிட்டு வருவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை இருக்கும். பாளையங்கோட்டையில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். ஆகவே வெளியே போவதெல்லாம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, அல்லது மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் பல்லாங்குழியும் தாயமும் ஆடட்டும். வீட்டில் ஆச்சி இருந்தால் அவர்களோடு ஆடட்டும். ஆச்சிமார் விட்டுக்கொடுத்து ஆட மாட்டார்கள், அது பிள்ளைகளுக்கு நல்லது.

காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்குப் பதநீர் கிடைக்கும். சாலையோரத்தில் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவரிடம் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிக்க வையுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம். பச்சை ஓலையை மடித்து ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு அவர் பட்டை பிடிக்கும் வேகத்தைப் பார்ப்பதே ஒரு பாடம். பல சமயம் விற்கிறவரே பனையேறியாகவும் இருப்பார். கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறீர்கள் என்று பிள்ளை அவரிடம் கேட்கட்டும். தடவாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும் என்பார். அறிவியல் புத்தகத்தில் நொதித்தல் என்று படித்தது அதுதான். பாளையைத் தினமும் சீவிவிடாவிட்டால் சாறு நின்றுபோகும் என்பதையும், அதற்காகவே நாள் தவறாமல் மரம் ஏறுகிறார்கள் என்பதையும் அவர் வாயாலேயே கேட்கட்டும். பிறகு இருபது ரூபாய்க்குப் பேரம் பேசத் தோன்றாது.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் பத்தமடைக்குப் போய் வாருங்கள். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் வரும். பத்தமடைப் பாயைப் பட்டுப்பாய் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அது பட்டு இல்லை, ஆற்றங்கரைக் கோரைதான். கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, கத்தியால் நூல் மாதிரி கிழித்து, சாயம் ஏற்றிப் பருத்திப் பாவில் கோத்து நெய்கிறார்கள். எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு வழவழப்பு. தரையில் பாவு விரித்திருக்க, அதன்மேல் குனிந்தபடியே ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி நெருக்கிக்கொண்டு போவார்கள். நல்ல பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை எழுத்து எழுத்தாக நெய்து தருவார்கள். தமிழ் எழுத்தின் சுழிகளை நேர்கோடுகளில் எப்படிக் கொண்டு வருகிறார்கள் என்பதைப் பார்க்கக் கணித ஆசிரியருக்கே ஆசை. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை நேரத்தில் கூட்டமாகப் போய் நிற்காமல், முதலில் கேட்டுவிட்டு, ஓரிருவராகப் போங்கள். படம் எடுப்பதற்கும் கேளுங்கள்.

சித்திரை, வைகாசி என்றால் நம் பக்கத்துக் கிராமங்களில் கொடை விழாக் காலம். உங்களில் பலருக்குச் சொந்த ஊர்க் கோயில் ஒன்று இருக்கும். அம்மனோ சுடலைமாடனோ எந்தச் சாமியாக இருந்தாலும், வரி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தத் தடவை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வில்லுப்பாட்டு நடக்கும்போது முன்வரிசையில் உட்கார வையுங்கள். மணி கட்டிய நீண்ட வில், அதன் கீழே குடம், வீசுகோல் நாணில் விழும்போது வரும் ஓசை, பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் "ஆமா" போடும் பின்பாட்டுக்காரர்கள்: இதை யூடியூபில் பார்ப்பதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றாகாது. சில கோயில்களில் இன்னும் கணியான் கூத்து நடக்கிறது. மகுடம் என்ற தோல் கருவியை அடிக்கிறவர்கள் அதன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிச் சுருதி சேர்ப்பதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். தோல் ஏன் சூட்டில் விறைக்கிறது என்பது நல்ல கேள்வி. பல இடங்களில் இப்போது இரவு முழுக்க ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டுவிட்டு, வில்லுப்பாட்டைச் சடங்குக்கு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். விழாக் குழுவில் இருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது. காது வலி என்று விடுப்புக் கடிதம் கொடுக்கும் பிள்ளைகளும் குறைவார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டி மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வெளியே உள்ள பூங்காவில் பிள்ளைகள் தொட்டு, இழுத்து, ஏறி விளையாடலாம். திருச்செந்தூர் சாலையில் ஒரே பஸ் வழியில் இரண்டு இடங்கள் உண்டு: கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள், அதற்கு அப்பால் ஆதிச்சநல்லூர். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த பறம்பு அது. இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடிக்கு அடியில் பார்க்கலாம். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு மே மாதக் கடைசியில் போனால் பறவைகள் குறைந்திருக்கும். தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். நெல்லையப்பர் கோயிலுக்குப் போவீர்கள். அங்கே இசைத் தூண்களைக் கல்லாலோ சாவியாலோ தட்ட விடாதீர்கள். பல தலைமுறையாகத் தட்டித் தட்டி ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன. ஆனித் தேரோட்டம் பள்ளி திறந்த பிறகுதான் வரும். அன்று உள்ளூர் விடுமுறை. வடம் பிடிக்க வரும் பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

இதற்கெல்லாம் பஸ் செலவைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் கோடை முகாம்களைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்கிறீர்கள். நீச்சல் சொல்லித் தருகிறார்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள். மற்றபடி, ஏசி அறையில் உட்கார வைத்து அட்டை வெட்டி ஒட்டச் சொல்லிக்கொடுப்பதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை என்பது என் எண்ணம். அடுத்த வகுப்புப் பாடத்தை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் டியூஷன்களைப் பற்றி நான் பேசினால் கடிதம் நீண்டுவிடும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுமுறை விட்டால் பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வ.உ.சி. மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். அதே வீட்டுப் பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். சில வீடுகளில் பீடித் தட்டும் அவள் மடிக்கு வந்துவிடுகிறது. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கட்டுக் கணக்கு முடியாவிட்டால் அந்த வாரக் கூலி குறையும் என்பதும் தெரியும். ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இலையும் கத்தரிக்கோலும் வேண்டாம். செலவுக்கு நெருக்கடி என்றால் அலுவலகத்தில் என்னை வந்து பாருங்கள், உதவித்தொகைக்கு வழி பார்ப்போம். மாணவிகளுக்காக மே மாதம் முழுவதும் ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 6.30 முதல் 8.30 வரை நம் பள்ளி மைதானம் திறந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியை இருப்பார். கபடி, எறிபந்து, ஓட்டம். பாவாடையோ சுடிதாரோ, எதுவானாலும் சரி, காலில் செருப்புக்குப் பதில் கேன்வாஸ் போட்டு அனுப்புங்கள்.

பள்ளி நூலகம் செவ்வாய், வெள்ளி காலை 9 முதல் 11 வரை திறந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம். பிறந்த தேதியிலோ பெயரிலோ திருத்தம் வேண்டுபவர்கள் பிறப்புச் சான்றிதழின் அசலோடு மே 10-க்குள் அலுவலகத்துக்கு வர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கேட்பவர்கள் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளி திறக்கும் தேதியை அரசு அறிவித்ததும் வகுப்பாசிரியர்கள் உங்களுக்குத் தெரிவிப்பார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
பாளையங்கோட்டை